காவல் நிற்கும் மீன்

வலைகாரன் மீனைத் தேடிச் செல்கிறான், தூண்டிற்காரன் மீன் வரும்வரை காத்திருக்கிறான் என்று பொதுவாகக் கூறுவதுண்டு. சிறு குளங்களின் கரையில் நின்று தூண்டில் போடுவோரைப் பொறுத்தவரை இக்கூற்றுப் பாதியளவே உண்மையாகும். படகில் ஏறியவனுக்குக் குளம் முழுவதும் திறந்து கிடக்கிறது. ஓரிடத்தில் மீன் இல்லையெனில் துடுப்பை வலித்து மற்றோரிடத்துக்குப் போய்விடலாம். கரையில் நிற்பவனுக்கோ தடியும் நூலும் எட்டும் தூரமே உலகம். அந்தச் சிறு வட்டத்துக்குள் மீன் எங்கே நிற்கும், ஏன் அங்கே நிற்கும், எந்த வேளையில் அவ்விடத்தை விட்டு நகரும் என்பனவற்றை அவன் அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவன் நாள் முழுவதும் நின்றாலும் வெறுங்கையுடனேயே வீடு திரும்புவான். ஆகவே அவனது காத்திருத்தலைச் சோம்பலென்று கொள்ளுதல் தவறு. குளத்தைப் படிப்பதற்கு அவன் எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

இவ்வாறு இரண்டு நாடுகளின் குளங்களைப் படித்த முதியவர் ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. முல்லைத்தீவு மாவட்டத்திலே ஒட்டுசுட்டானுக்கு அணித்தான சிற்றூர் ஒன்றிற் பிறந்து, அறுபது வயதைத் தாண்டும்வரை அங்கேயே கமஞ்செய்தவர் அவர். சமாதான காலமென்று சொல்லப்பட்ட 2003 ஆம் ஆண்டிலே மகளின் அழைப்பின் பேரில் கனடா சென்று, ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலே குடியேறினார். ஊரிலே அவர் தூண்டில் போட்டது விராலுக்கு. கனடாவில் அவருக்கு வாய்த்தது பெருவாய்ப் பாஸ் என்னும் மீன். பெருவாய்ப் பாஸை அவர் இன்றும் 'கனடா விரால்' என்றே குறிப்பிடுவார். விலங்கியல் படித்தவர்கள் இதைக் கேட்டு நகைக்கலாம். இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை, ஒன்றுக்கொன்று எவ்வித உறவும் இல்லாதவை. ஆயினும் குளக்கரையில் நிற்பவனின் கண்கொண்டு பார்த்தால் அவர் சூட்டிய பெயரில் நியாயம் இல்லாமலில்லை.

முதலில் விராலை நோக்குவோம். வன்னியின் சிறு குளங்கள் மாரியில் நிரம்பி வான் பாய்வன, ஆவணி புரட்டாதியில் வற்றி அடித்தரை வெடிப்பன. அத்தகைய நீர்நிலைக்கென்றே படைக்கப்பட்டது போன்றது விரால். செவுளால் மட்டுமன்றி நேரே காற்றையும் சுவாசிக்க வல்லது அது. நீர் வற்றினால் சேற்றினுட் புதைந்து கிடக்கும், ஈரமான தரையில் ஊர்ந்து அடுத்த மடுவுக்குப் போகும். சந்தையிலே சிறிதளவு நீருள்ள சட்டியில் உயிருடன் வைத்து விற்கப்படுவதும் இதனாலேயே. நோயுற்றெழுந்தோருக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் விரால் ஏற்ற உணவென்ற நம்பிக்கை நம்மிடம் மட்டுமன்றித் தென்கிழக்காசிய நாடுகள் பலவற்றிலும் வேரூன்றி நிற்கிறது.

விராலைக் கரப்புக் குத்தியும் பிடிக்கலாம், பறி வைத்தும் பிடிக்கலாம். குளம் வற்றும் காலத்தில் ஊரே இறங்கிக் கையாலும் பிடிப்பதுண்டு. ஆனால் நீர் நிறைந்திருக்கும் காலத்திலே, தாமரையும் ஒல்லியும் மண்டிய ஓரங்களில் வலை செல்லாது. அங்கே தூண்டில் ஒன்றே வழி. முதியவரிடம் அன்று இருந்தவை ஒரு மூங்கில் தடி, பத்துப் பன்னிரண்டு முழம் தங்கூசி, ஒரு பெரிய முள், சிரட்டையிற் சில சிறு தவளைகள். தக்கை இல்லை, ஈயமும் இல்லை. தவளையை நீரின் மேற்பரப்பில் இலைகளுக்கிடையே தத்தவிட்டு இழுப்பதே முறை. கட்டின்மேல் நிமிர்ந்து நடந்து வருபவனின் நிழல் முதலில் நீரில் விழும், காலடியின் அதிர்வு அதற்கு முன்பே போய்ச் சேரும். எனவே கட்டின் சரிவில் குனிந்து வந்து, எட்டத்தே எறியாமல் முதலிற் காலடிக்கு அண்மையில் உள்ள நீரிலேயே தவளையை விட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் குளத்தின் நடுவையே நோக்கி எறிவார்கள், மீனோ பெரும்பாலும் அவர்கள் காலடியிலேயே நிற்கும் என்று அவர் சொல்வதுண்டு. இது விராலுக்கும் பொருந்தும், பாஸுக்கும் பொருந்தும். மற்றத் துறைகளுக்கும் பொருந்துமோ என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

தவளையை மீன் கவ்வியவுடன் தடியைச் சுண்டுபவன் மீனை இழப்பான். விரால் முதலில் இரையைப் பற்றிக்கொண்டு கீழே செல்லும், பின்னரே விழுங்கும். நீர் வெடித்த ஓசை கேட்டபின்பும் கையை அடக்கி, நூல் நகரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அந்தச் சில கணங்களின் பொறுமையைப் பழகுவதற்குத் தமக்கு இரண்டு மாரி பிடித்தது என்று முதியவர் கூறுவார்.

இவற்றையெல்லாம் அவருக்குக் கற்பித்தவர் அவருடைய தந்தையார். அவர் கற்பித்த இன்னொன்றும் உண்டு. மாரி தொடங்கியதும் விரால்கள் சோடியாகி, ஆழங்குறைந்த ஓரத்திலே பாசியையும் புல்லையும் ஒதுக்கி வட்டமாக ஓரிடத்தைத் துப்புரவாக்கி அதில் முட்டையிடும். குஞ்சுகள் வெளிப்பட்டு நீந்தத் தொடங்கும்போது செந்நிறமாக இருக்கும். நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரு திரளாக மேலெழுந்து காற்றுக் குடிக்கையில், அவ்விடத்தில் மட்டும் மழைத் துமி விழுவது போல நீர் குமிழியிடும். அந்தச் செந்திரளின் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், தாயோ தந்தையோ இரண்டுமோ காவல் நிற்கும். அண்மையில் எது வந்தாலும் பாய்ந்து தாக்கும். தவளையாயினும் ஓணானாயினும் வாத்துக் குஞ்சாயினும் அதற்கு ஒன்றே. விராலைப் பிடிப்பதற்கு இதனிலும் எளிதான வேளை இல்லை. குஞ்சுத் திரளின் நடுவே தவளையைப் போட்டால் போதும். இவ்வாறு பிடிப்போர் எல்லா ஊர்களிலும் உளர். தந்தையார் அதைத் தடுத்தார்.

"குஞ்சோட நிக்கிற விராலுக்குத் தூண்டில் போடாதை. அது பசிக்குக் கடிக்கிறேல்லை, கோவத்துக்குக் கடிக்கிறது."

பள்ளிக்கூடம் அதிகம் காணாத ஒரு கமக்காரரின் வாயிலிருந்து வந்த இந்த வாக்கியம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இரைதேடி வரும் மீனுக்கும் மனிதனுக்கும் இடையே ஒருவகைச் சமநிலை உண்டு. இருவரும் உணவுக்காகவே அங்கு நிற்கின்றனர். ஏமாறாதிருக்கும் வாய்ப்பும் மீனுக்கு இருக்கிறது. காவல் நிற்கும் மீனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது தன் வயிற்றை மறந்து நிற்கிறது. அதன் கடமையையே முள்ளாக்கி அதனைப் பிடிப்பதைத் தந்தையார் ஏற்கவில்லை. இதில் அறம் மட்டுமன்றி நடைமுறை அறிவும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தாய் தந்தையை இழந்த குஞ்சுகள் குறவைக்கும் மீன்கொத்திக்கும் ஒரே பகலில் இரையாகிவிடும். அடுத்த வருடம் குளத்தில் விரால் குறையும். நமது சிற்றூர்களின் பழைய கட்டுப்பாடுகள் பலவற்றில் அறமும் நலனும் இவ்வாறு பிரித்தறிய முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தே தீரவேண்டுமென்று நிற்பது பல்கலைக்கழகத்தாருக்கேயுரிய பழக்கம் போலும்.

ஒரு விடயத்தை இடையிற் குறிப்பிட வேண்டும். நம் குளங்களில் இன்று மிகுந்து காணப்படும் திலாப்பியா இந்நாட்டு மீனன்று. 1952 ஆம் ஆண்டிலே ஆபிரிக்க இனமொன்று அரசினால் இங்கு கொண்டுவரப்பட்டு உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்பட்டது. அம்மீனின் பெண் தன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயினுள்ளே வைத்துக் காக்கும். வாயிற் குஞ்சுடன் இருக்கும் மீன் இரை கொள்ளாது, ஆதலால் தூண்டிலிற் படுவதும் அரிது. காவலிலும் விராலைப் போன்ற வீரக் காவல் உண்டு, திலாப்பியாவைப் போன்ற மௌனக் காவலும் உண்டு. பின்னதே அதிகம் தப்பிப் பிழைக்கிறது.

தந்தையாரின் சொல்லை மகன் நாற்பது வருடங்களுக்கு மேலாகக் காத்தார். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தனர். அடுத்த ஆண்டில் அவர்களுட் பெருந்தொகையானோர் கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்தனர். முதியவரின் வளவிலும் ஒரு குடும்பம் தறப்பாள் கட்டிக் குடியிருந்தது. பொருட்களுக்குத் தடை இருந்த காலம் அது. கடற்றொழிலும் கட்டுப்பாடுகளுக்குள் முடங்கிக் கிடந்தது. குளத்து மீனுக்கு முன்னொருபோதும் இல்லாத மதிப்பு வந்தது. முன்பு ஐந்தாறு பேர் தூண்டில் போட்ட கட்டிலே ஐம்பது பேர் நின்றார்கள். அவ்வருட மாரியில் அக்குடும்பத்து இளம்பெண் ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது. தாய்க்குப் பால் சுரக்கவில்லை. பால்மா கிடைப்பதும் அரிதாயிருந்தது. விராற் குழம்பு கொடுத்தால் பால் ஊறும் என்று ஊர்ப் பெண்கள் சொன்னார்கள்.

மூன்று நாட்கள் அவர் குளத்தைச் சுற்றினார். விரால் படவில்லை. நான்காம் நாள், துருசுக்கு அப்பாலுள்ள ஒதுக்கிலே குமிழியிடும் செந்திரளைக் கண்டார். அங்கு அது நிற்பதை அவர் முன்பே அறிந்திருந்தார் என்பதும், மூன்று நாட்களும் அவ்வழியைத் தவிர்த்தே நடந்தார் என்பதும் பின்னர் அவர் வாயிலாகவே தெரியவந்தவை. தவளையைப் போட்டார். முதலாவது வீச்சிலேயே பட்டது. முழங்கை நீளத்துக்கு மேற்பட்ட மீன். அன்று குழம்பு ஆக்கிக் கொடுக்கப்பட்டது. அடுத்த நாட் காலையில் அவர் துருசடிக்குப் போய்ப் பார்த்தபோது மற்றைய விரால் நின்றதோ இல்லையோ, செந்திரளைக் காணவில்லை. யாரோ அதனையும் பிடித்திருக்கலாம். குழந்தை பிழைத்து வளர்ந்தது. அதற்கு விரால்தான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. தாம் செய்தது சரியென்றோ பிழையென்றோ அவர் ஒருநாளும் கூறியதில்லை. அந்த மாரிக்குப் பின் அவர் அந்தக் குளத்தில் விராலுக்குத் தூண்டில் போடவில்லை என்பது மட்டும் உண்மை.

ரொறன்ரோவில் அவர் மீண்டும் தடியெடுத்தமைக்கு மகளின் மகனே காரணம். அந்நகரின் மேற்குப் பகுதியில் ஹை பார்க் என்னும் பெரிய பூங்கா இருக்கிறது. 1876 ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அப்பூங்காவின் மேற்கெல்லையிலே கிரனேடியர் குளம் எனப்படும் நீர்நிலை கிடக்கிறது. ஒருகாலத்தில் ஒன்ராறியோப் பேரேரியின் ஒரு குடாவாக இருந்து, மணற்றிட்டொன்றினால் அடைபட்டுக் குளமாகியது அது. கட்டு இல்லை, துருசு இல்லை, வயலும் இல்லை. குளமென்றால் அதற்குக் கீழே வயல் இருக்க வேண்டுமென்று எண்ணிப் பழகிய முதியவருக்கு இது முதலில் விளங்கவில்லை. "இந்தத் தண்ணி ஆருக்கு?" என்று கேட்டாராம். ஆயினும் கரையோரத்துச் சம்புப் புல்லையும் மிதக்கும் அல்லி இலைகளையும் கண்டவுடன் அவரது கால்கள் தாமாகவே மெதுவாயின. ஸ்காபரோவின் கெனடி நிலையத்திற் சுரங்க ரயில் ஏறினால் வண்டி மாறாமலே ஹை பார்க் நிலையத்தில் இறங்கலாம். தடியைத் துணியிற் சுற்றிக்கொண்டு, வேலைக்குப் போகும் கூட்டத்தினிடையே அவர் அமர்ந்து செல்லும் காட்சி அந்த வண்டியிற் பலருக்குப் பழகிப்போன ஒன்று. கனடாவில் வதியும் அறுபத்தைந்து வயது நிரம்பியோர் ஒன்ராறியோவில் மீன்பிடி அநுமதிப்பத்திரம் வாங்க வேண்டியதில்லை. அந்த வயதை எட்டியதும் அரசாங்கம் தனக்கெனத் தந்த ஒரே சீதனம் இதுவென்று அவர் வேடிக்கையாகக் கூறுவார்.

பெருவாய்ப் பாஸ் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குரிய மீன். பெரிய ஏரிகளிலும் வாழும், ஒரு பண்ணையின் மூலையில் வெட்டிய சிறு குட்டையிலும் வாழும். பச்சை கலந்த உடல், பக்கவாட்டில் கரியதொரு கோடு, கண்ணுக்கும் பின்னால் நீளும் வாய். துரத்திச் சென்று இரை பிடிப்பது அதன் இயல்பன்று. களையின் விளிம்பிலோ விழுந்த மரத்தின் நிழலிலோ அசையாது நின்று, அருகில் வருவதை வாயை அகலத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். ஆகவே கரையில் நிற்பவன் குளத்தின் நடுவை நோக்கி எறிவதிலும், கரைக்குச் சமாந்தரமாகக் களையின் விளிம்பை ஒட்டி எறிவதே பயன்தரும். விடியற்காலையும் பொழுதுபடும் வேளையும் உகந்தவை. இவற்றையெல்லாம் முதியவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பேரன் அவருக்கு வாங்கிக் கொடுத்தது றப்பரினாற் செய்த தவளை. உள்ளே வெறுமையான உடல். இரட்டை முள்ளின் நுனிகள் முதுகோடு ஒட்டி மேனோக்கி இருப்பதால் இலைகளிற் கொழுவாது. மீன் கவ்வும்போது உடல் அமுங்கி முள் வெளிப்படும். முதியவர் அதைக் கையிலெடுத்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரட்டையில் அவர் கொண்டு சென்ற தவளைகள் இங்கே றப்பராகிக் கடையிலே தொங்குகின்றன! அல்லி இலைமேல் அதை எறிந்து, சற்றுப் பொறுத்து, நீரிற் சறுக்கி விழச் செய்து, மறுபடி பொறுத்து இழுத்தபோது நீர் வெடித்தது. அருகில் நின்ற பேரன் "இழுங்கோ, இழுங்கோ" என்று கத்தினான். அவர் இழுக்கவில்லை. தவளை முற்றாக மறைந்து நூல் நகர்ந்த பின்னரே தடியை உயர்த்தினார். மீன் நீருக்கு மேலே எழும்பித் தலையை உதறிற்று. விரால் இப்படிப் பாயாது, அது அடியிற் புகுந்து களையைச் சுற்றும். கரைக்கு வந்த மீனின் கீழ்த்தாடையைப் பேரன் பெருவிரலாற் பிடித்துத் தூக்கினான். பாஸின் பற்கள் அரத்தைப் போன்று சிறியவை, விரலை வெட்டமாட்டா. விராலின் வாயில் அவ்வாறு விரல் வைத்தவன் இரண்டாம் முறை வைக்கமாட்டான்.

பின்பு பேரன் மீனை நீரிலே விட்டான்.

"விடுறதெண்டால் ஏன் அப்பன் பிடிக்கிறாய்?"

"இது விளையாட்டு அம்மப்பா. மீனுக்கு ஒண்டும் ஆகாது."

"எங்கட குளத்திலை மீனோட விளையாடின ஆக்கள் இல்லை."

இவ்வுரையாடல் அவ்விருவரிடையே இன்றும் முற்றுப்பெறவில்லை. அதைச் சிறிது விரித்து நோக்குவது பொருத்தமாகும். பிடித்த மீனை விடுதல் இன்று வட அமெரிக்கத் தூண்டிற்காரர்களிடையே ஓர் ஒழுக்கமாகவே மதிக்கப்படுகிறது. மீன்வளத்தைக் காப்பதற்கு அது பெரிதும் உதவியிருக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் விடுவதற்காகப் பிடிக்கும் வசதி வயிறு நிறைந்தவனுக்கே உரியது. இம்மீனுக்கான உலகப் பெருஞ்சாதனை 1932 யூன் 2 ஆம் திகதி நிலைநாட்டப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலே ஜோர்ஜ் பெரி என்ற ஏழைக் கமக்கார இளைஞர் ஒருவர் 22 இறாத்தல் 4 அவுன்ஸ் நிறையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார். பெரும் பொருளாதார மந்தம் நிலவிய காலம் அது. நிறுத்துப் பார்த்தபின் மீன் அவர் வீட்டிலே சமைத்து உண்ணப்பட்டது. 2009 ஆம் ஆண்டிலே யப்பானின் பீவா ஏரியில் ஏறத்தாழ அதே நிறையுள்ள ஒரு மீன் பிடிபட்டு அச்சாதனையைச் சமன்செய்தது. யப்பானிலோ இது வந்தேறு மீன். 1925 ஆம் ஆண்டிலே அங்கு கொண்டுசெல்லப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவி உள்நாட்டு மீன்களை உண்டழித்தமையால், பீவா ஏரியிற் பிடிக்கும் பாஸை மீண்டும் நீரில் விடுவதை அம்மாகாணம் 2003 இலேயே தடைசெய்துவிட்டது. ஓரிடத்தில் விடுவது ஒழுக்கம், இன்னோரிடத்தில் விடுவது குற்றம்.

விராலின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. 2002 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலே குறொவ்ற்றன் என்னும் ஊரில், கடைத்தொகுதியொன்றின் பின்னாலிருந்த சிறு குளத்தில் விராலின் வடசீன உறவினமொன்று தூண்டிலிற் பட்டது. பெருங் கலவரம் மூண்டது. தரையில் நடக்கும் அசுரமீன் என்று பத்திரிகைகள் எழுதின. குளத்துக்கு நஞ்சிட்டு அதிலிருந்த மீன்கள் யாவும் கொல்லப்பட்டன. அவ்வாண்டிலேயே விராற் குடும்பம் முழுவதையும் அந்நாட்டினுட் கொண்டுவருதல் தடைசெய்யப்பட்டது. அம்மீன்கள் அங்கு வந்த விதம் யாதெனில், நோயுற்ற சகோதரிக்குச் சூப் வைத்துக் கொடுப்பதற்காக ஒருவர் நியூயோர்க் சந்தையிலிருந்து இரண்டு உயிர்மீன்களை வாங்கியிருந்தார். அதற்குள் சகோதரி குணமடைந்துவிட்டாள். சமைக்க மனமின்றி அவற்றைக் குளத்தில் விட்டார். பேரன் இச்செய்தியைத் தமிழாக்கிச் சொல்லிச் சிரித்தபோது முதியவர் சிரிக்கவில்லை. அந்தச் சகோதரிக்கு என்ன நோய் என்று மட்டும் கேட்டார்.

ஒன்ராறியோவின் தென்பகுதிக் குளங்களிலே பாஸ் பிடிப்பதற்கான காலம் யூன் மாதத்தின் பிற்பகுதியிலே ஒரு சனிக்கிழமையன்றுதான் தொடங்குகிறது. அதற்கு முன் அதை நோக்கித் தூண்டில் போடுவதே குற்றம், பிடித்து விட்டாலும் குற்றமே. ஏனெனில் வைகாசி நடுப்பகுதி தொடக்கம் அது இனம்பெருக்கும் காலம். நீர் இளஞ்சூடாகியதும் ஆண்மீன் கரையோரத்து ஆழங்குறைந்த இடத்தில் வாலால் விசிறித் தட்டுப் போன்றதொரு குழியை அமைக்கும். பெண் முட்டையிட்டுப் போய்விடும். முட்டையையும், பின்னர் கரும்புகைபோல் மிதக்கும் குஞ்சுத் திரளையும் ஆண் ஒன்றே தனித்து நின்று காக்கும். அக்காலத்தில் அது இரைதேடிச் செல்வதில்லை. அருகில் வருவதைத் தாக்கும். இதைப் பேரன் வாசித்துக் கூறியபோது, "அப்ப இது விரால்தான்" என்று முதியவர் சொன்னார்.

ஒன்ராறியோவிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகம் ஒப்பினிக்கன் ஏரிக்கரையில் ஓர் உயிரியல் நிலையத்தை நடத்திவருகிறது. அங்கும் பிறவிடங்களிலும் செய்யப்பட்ட ஆய்வுகள் இரண்டு உண்மைகளைக் காட்டியுள்ளன. காவல் நிற்கும் ஆணைச் சில நிமிடங்கள் அகற்றினாலும், காத்திருக்கும் சூரியமீன் எனப்படும் தட்டையான சிறு மீன்கள் கூட்டினுட் புகுந்து சூறையாடுகின்றன. அத்தோடு, நெடுநேரம் அலைக்கழிக்கப்பட்டுக் களைத்த ஆண் திரும்பி வந்தாலும் கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும். 2012 இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. எந்த ஆண்மீன் மிகுந்த மூர்க்கத்தோடு குஞ்சுகளைக் காக்கிறதோ அதுவே தூண்டிலுக்கு எளிதில் அகப்படுகிறது என்றும், ஆகவே தூண்டிற்காரர் குளத்திலிருந்து முதலில் அகற்றுவது நல்ல தந்தையரையே என்றும் அது காட்டியது. ஒட்டுசுட்டானின் கமக்காரர் ஒருவர் தம் மகனுக்குச் சொன்ன வாக்கியத்தைப் புள்ளிவிபரங்களோடு நிறுவுவதற்கு விஞ்ஞானத்துக்கு இத்தனை காலம் சென்றிருக்கிறது. இதனால் விஞ்ஞானம் சிறுத்துவிடவில்லை. கமக்காரரின் சொல்லுக்கு ஊர் எல்லைக்கு அப்பால் செல்லும் வலு இருக்கவில்லை, ஆய்வு சட்டமாகிறது. ஆனால் சட்டத்தைப் பலகையில் எழுதி நிறுத்திய இடத்திலும் அதைக் காப்பது கரையில் நிற்பவனின் மனமேயாகும்.

யூன் மாதத்தின் முற்பகுதியில் ஒருநாள் முதியவரும் பேரனும் தடியின்றியே அக்குளத்துக்குப் போயிருந்தனர். அக்காலத்தில் அவர் அங்கு போவது பார்ப்பதற்காக மட்டுமே. சாய்ந்து கிடந்த மரமொன்றின் பக்கத்தில் குஞ்சுத் திரளொன்று கறுத்து மிதந்தது. அதன் கீழே தந்தை மீன் மெல்ல வட்டமிட்டது. ஒரு கை தூரத்தில் நாலைந்து சூரியமீன்கள் நின்றன. அவை முன்னே வருவதும், அது பாய்ந்ததும் பின்வாங்குவதுமாகக் கால்மணி நேரம் கழிந்தது. அப்போது மறுபக்கத்தால் வந்த இளைஞன் ஒருவன், அவர்கள் எதை நோக்கி நிற்கிறார்கள் என்பதைக் கண்டு, தன் தூண்டிலை அத்திரளின் மீதே போட்டான்.

"விடு, விடு! குஞ்சோட நிக்கிறது!"

முதியவர் தமிழிலேயே கத்தினார். அவ்விளைஞனுக்கு அது விளங்க நியாயமில்லை. அதற்குள் மீன் பட்டுவிட்டது. அவன் நிதானமாக இழுத்தான், கரையேற்றினான், தாடையிற் பிடித்துத் தூக்கினான், தோழியின் கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னான். முதற் படம் சரிவரவில்லை. இரண்டாவது எடுக்கப்பட்டது. பேரன் ஓடிப்போய் ஆங்கிலத்தில் விடயத்தைச் சொன்னான். தான் இதை விடத்தானே போகிறேன், இதில் என்ன கெடுதி என்று இளைஞன் உண்மையான வியப்போடு கேட்டான். அவனிடம் கபடம் இருந்ததாகத் தெரியவில்லை. மீனை ஈரக் கையாற் பிடித்து நோகாமலே நீரில் விட்டான். பசி அறியாத அவன் முகத்தை முதியவர் பார்க்கவேயில்லை. நீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சூரியமீன்கள் திரளின் நடுவே புகுந்து நெடுநேரமாகியிருந்தது. கரும்புகை பல துண்டுகளாகச் சிதறி, துண்டுகள் சிறுத்துக்கொண்டிருந்தன. நாலு நிமிடமிருக்கும் என்றான் பேரன். அவர் விரல்களை மடக்கி எதையோ எண்ணினார், நிமிடங்களை அல்ல. விடப்பட்ட மீன் முதலில் ஆழத்துக்குப் போயிற்று. திரும்பி வராதென்றே பேரன் எண்ணினான். வெகுநேரங் கழித்து மரத்தின் அடிப்பக்கத்தால் கரிய கோடொன்று மெல்ல நகர்ந்து வந்தது. ஒரு சூரியமீனைத் துரத்தியது, மற்றொன்றையும் துரத்தியது. எஞ்சியிருந்த குஞ்சுகள் அதன் முதுகின்மேல் மெதுவாகக் கூடின. முன்பிருந்ததில் மூன்றிலொன்று இருக்கலாம்.

"வந்திட்டுது" என்றார் முதியவர்.

ரயிலுக்கு நேரமாகிறதென்று பேரன் இரண்டு தடவை நினைவூட்டினான். இன்னும் கொஞ்சம் நிற்பமென்று அவர் அந்த மரத்தடியிலேயே குந்திவிட்டார். மறுகரையில் இளைஞன் வேறோரிடத்தில் நூலை எறிந்துகொண்டிருந்தான்.